ஓடும் ஜீப்பில் ஊன்றிய கை

சாலைத் துறைக்கு ஒப்பந்தத்தில் படம் எடுத்துக் கொடுப்பவர் அவர். மலைச்சரிவு, வாய்க்கால் கரை, பாலத்தின் அடி என்று ஒரே நாளில் ஏழெட்டு இடங்களுக்கு ஜீப்பில் போய்ப் படம் பிடிப்பார். மூன்றுகால் ஸ்டாண்டைத் தொடவே மாட்டார். வெறுங்கையிலேயே அத்தனை தெளிவாக எடுப்பதால் அலுவலகத்தில் அவருக்கு ‘ஸ்டாண்டு’ என்றே பெயர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கர்வத்துக்குக் காரணம் இருந்தது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்வார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானைக் குத்தாமல் மெல்ல அழுத்துவார். தூரத்தை இழுக்கும் லென்ஸ் கை நடுக்கத்தையும் சேர்த்து இழுக்கும் என்பதால் ஷட்டர் வேகத்தைக் கூட்டிவிடுவார். ஒரே காட்சியை நாலு தடவை எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, தேறியதை வைத்துக்கொள்வார். ஊர் சுற்றப் போகிறவர்கள் கேட்டால் எதையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுப்பார்.

இவ்வளவும் தெரிந்தவர்தான் அன்று இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

அன்று போனது ஒரு மலைச்சரிவுக்கு. அதன் கீழே பதினோரு வீடுகள். அங்கே தையல் வேலை செய்யும் ஓர் அம்மா, மேட்டில் விரிசல் விட்டிருக்கிறது, மழைக்கு முன் எங்களை வேறிடம் மாற்றுங்கள் என்று மனுக் கொடுத்திருந்தார். தையல் டேப்பால் வாராவாரம் விரிசலை அளந்து, தேதி போட்டு எழுதியிருந்தார். அதைச் சரிபார்க்கத்தான் படம்.

“எஞ்சினை அணைச்சா மறுபடி தள்ளித்தான் எடுக்கணும்ணே” என்றார் டிரைவர். “செல்ஃப் காலையிலேருந்து மக்கர் பண்ணுது. சேத்துல இறங்கித் தள்ளுறீங்களா?”

“வேணாம்ப்பா, ஓடட்டும். இங்கேருந்தே எடுத்துடுறேன்.”

ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். ஊன்றினால் கை நிற்கும். ஊன்றிய இடமே அதிர்ந்தால்? நூறு பேருக்கு அவரே சொன்ன எச்சரிக்கை அது. ஒரே ஒரு படம் எடுத்தார். திரையில் பார்க்கவும் இல்லை. பசி நேரம் வேறு.

மறுநாள் பொறியாளர் அறையில் படத்தைத் திறந்தபோது, சரிவு ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது.

“விரிசல் தெரியுதாய்யா?”

“தெரியலை சார்.”

படம் கலங்கியிருக்கிறது, அதனால் தெரியவில்லை. முழு வாக்கியம் அதுதான். பாதியோடு நாக்கு நின்றுவிட்டது. ஸ்டாண்டு எடுத்த படம் கலங்கிவிட்டது என்று ஸ்டாண்டே சொல்வதா? பொறியாளர் அறிக்கையில் ‘விரிசல் இல்லை’ என்று எழுதினார். படம் எடுத்தவர் என்ற இடத்தில் இவர் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கையின் நகலோடு தையல்காரம்மா அலுவலகத்துக்கு வந்தார்.

“டேப் வச்சு அளந்திருக்கேன் சார். முதல்ல அரை அங்குலம். இப்ப ரெண்டரை.”

“அது உங்க நோட்டும்மா. படம் பொய் சொல்லாது” என்றார் பொறியாளர்.

“பொய் சொல்லலை சார். அது ஒண்ணுமே சொல்லலை. என் கண்ணாடியைக் கழட்டினா நீங்களும் இப்படித்தான் தெரிவீங்க. அதுக்காக உங்களுக்கு மூக்கு இல்லைன்னு எழுதிடவா?”

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். இவர் மெமரி கார்டு தேடுவதுபோல இழுப்பறைக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

தினமும் அந்த மேட்டைப் பார்த்து அளப்பவர் சொன்னால் அது வெறும் புகார். ஜீப்பை விட்டு இறங்காதவர் எடுத்தது ஆதாரம். எந்த நியாயத்தில்? முத்திரை விழுந்த காகிதத்தின் முன் ஏழையின் கண் குருடாகிவிட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. ஆனாலும் அதுதான் நடக்கிறது. இவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் இழுப்பறைக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

“கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கீங்களே, என்னாச்சு?” என்று மனைவி மூன்று நாள் கேட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூசியது.

நான்காம் நாள் பஸ் பிடித்துத் தனியாகப் போனார். சேற்றில் ஏறினார். பாறையில் உட்கார்ந்து, முழங்கால்களில் முழங்கைகளை ஊன்றி, பன்னிரண்டு படம் எடுத்தார். ஒவ்வொன்றையும் பெரிதாக்கினார். விரிசல் துல்லியமாக இருந்தது. அதன் குறுக்கே இரண்டு குச்சி நட்டுக் கட்டிய சிவப்பு நூல் அறுந்து கிடப்பதுகூடத் தெரிந்தது. யார் கட்டிய நூல் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

“நல்லதாப் போச்சு” என்றார் பொறியாளர், புதுப் படங்களைப் பார்த்துவிட்டு. “முதல் படத்துக்கு மேகமூட்டம்னு காரணம் எழுதிடு. உனக்கும் கெட்ட பேரில்லை, எனக்கும் இல்லை.”

“அப்படி எழுதினா மனு என்ன ஆகும் சார்?”

“பழசு முடிஞ்சதுதான். அந்தம்மா புதுசா ஒண்ணு போடட்டும். வரிசையில வரும், மூணு மாசத்துல.”

மழைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

“நம்ம தப்புன்னு எழுதினா?”

“பழைய மனு நிக்கும். உன் ஒப்பந்தம் நிக்காது.”

எழுதினார்: ‘எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த ஜீப்பில் கையை ஊன்றி எடுத்தேன். படம் கலங்கிவிட்டது. அது தெரிந்தும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன்.’ மூன்றாவது வாக்கியத்தை அடித்துவிடச் சொன்னார் பொறியாளர். இவர் அடிக்கவில்லை.

மழைக்கு ஐந்து நாள் முன்பு பதினோரு குடும்பங்களும் இடம் மாறின. இவருடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது.

பிறகு ஒருநாள் தையல்காரம்மாவின் புது வீட்டைத் தேடிப் போனார். அவர் மிஷினில் இருந்தார்.

“உங்க லெட்டரைப் படிச்சேன்” என்றார். “அன்னிக்கு நான் வந்து பேசினப்ப நீங்களும் அந்த ரூம்லதான் இருந்தீங்களா?”

“இருந்தேம்மா.”

மிஷின் நின்றது. “என் பேச்சு அங்க எடுபடாதுன்னு எனக்குத் தெரியும். உங்க பேச்சு எடுபட்டிருக்குமே. ஏன் பேசலை?”

மன்னிப்புக் கேட்பதற்கான வார்த்தைகளைப் பஸ்ஸிலேயே அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவற்றில் ஒன்றும் இந்தக் கேள்விக்குப் பதிலாகவில்லை.