வடிகட்டி காட்டிய வளைவு

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடை வைத்திருந்த சக்கரபாணி பெரிதாகப் பொய் சொல்லமாட்டார். பாலில் தண்ணீர் ஜாஸ்தியானால் அவரே சொல்லிவிடுவார். தூரம் என்று வந்தால் மட்டும் மனுஷனை நம்ப முடியாது.

பௌர்ணமிக்கு மலை சுற்றுகிற ஜனம் காலைத் தேய்த்துக்கொண்டு, "இன்னும் எவ்ளோ தூரம்ணே?" என்று கேட்கும். ஒரு கையால் சொம்புத் தண்ணியை நீட்டுவார். இன்னொரு கையில் டீ வடிகட்டி உயரும். கழுத்து ஒரு பக்கம் சாயும்.

"இதோ, அந்த வளைவு தாண்டுனா பக்கம்தாங்க."

அந்த வளைவுக்கு அப்பால் இருப்பது இன்னொரு வளைவு.

"பாவம்ங்க, நம்பி நடக்குதுங்க" என்பாள் மனைவி சரோஜா.

"நெசத்தச் சொன்னா இங்கயே படுத்துடுவாங்கடி."

இத்தனைக்கும் அவர் ஒரு தடவைகூட மலை சுற்றியதில்லை. பௌர்ணமி என்றால் அவருக்குக் கடைதான்.

தொண்ணூற்றெட்டில் மகள் ஓவியாவுக்கு மஞ்சள் காமாலை வந்து தேறியது. தேறிய பிறகுதான் சரோஜா வாயைத் திறந்தாள். புருஷன் செருப்பில்லாமல், நடுவில் எங்கேயும் உட்காராமல் மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

"வேண்டிக்கிட்டது நீ, நடக்கிறது நானா?"

"நான் நடந்தா சாமிக்கு இன்னா ஆச்சரியம்? தண்ணிக்குத் தினம் நடக்கிறவதானே."

மாசி பௌர்ணமி காலையில் பெரிய கோயில் கோபுர வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினார். ஓவியாவும் ஒட்டிக்கொண்டாள். வழியில் வருகிற லிங்கக் கோயில்களில் எமலிங்கம் வரை மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிதான் நடந்தார். நிருதிலிங்கத்தில் பேச்சு நின்றது. சொந்தக் கடை கண்ணில் பட்டபோது இரண்டு பாதத்திலும் கொப்புளம்.

அன்றைக்குக் கடையைச் சரோஜா பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் பெஞ்சு காலியாக இருந்தது. பக்கத்திலேயே ஆட்டோக்கார மூர்த்தி.

"இன்னா மொதலாளி, வண்டி எடுக்கட்டா?"

சக்கரபாணி வேண்டாம் என்று கையை ஆட்டினார். உட்கார்ந்தால் பிள்ளைக்கு மறுபடி ஏதாவது வந்துவிடுமோ என்று உள்ளுக்குள் ஒரே பயம். பெஞ்சைப் பிடித்தபடி, வருஷக்கணக்காக ஊருக்கே பதில் சொன்ன மனுஷன் கேட்டார்.

"சரோஜா, இன்னும் எவ்ளோ தூரம்?"

"எனக்குப் பொய் வராதுங்க. கிட்டத்தட்ட பாதி கெடக்குது."

அவர் உட்காரப் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். அதற்குள் ஓவியா ஒரு கையால் சொம்பை அப்பாவிடம் நீட்டினாள். இன்னொரு கையால் அடுப்பு மேடையில் கிடந்த வடிகட்டியை எடுத்து உயர்த்தினாள். கழுத்தைச் சாய்த்தாள்.

"இதோ, அந்த வளைவு தாண்டுனா பக்கம்தாங்க."

அச்சு அசல் அவர் குரல். கடைசி 'ங்க'வில் வருகிற இழுப்புகூடத் தப்பவில்லை. மூர்த்தி ஆட்டோ ஹேண்டில்பாரில் தலை சாய்த்துச் சிரித்தான்.

"நல்லாத்தான் கத்துக் குடுத்திருக்கீங்க" என்றாள் சரோஜா.

"நான் எங்கடி குடுத்தேன்? அவளே எடுத்துக்கிட்டா."

நின்றபடியே தண்ணியைக் குடித்து முடித்தார். பெஞ்சிலிருந்து கையை எடுத்து மகள் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

வளைவைத் தாண்டினார்கள். அங்கே இன்னொரு வளைவு இருந்தது.

"அப்பா..."

"தெரியும், நட" என்றார் சக்கரபாணி. "பக்கம்தான்."