நான் போடாத பெருக்கல் குறி

ஏறக்குறைய பத்து வருஷம் ஆகிறது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் மத்தியானம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில் கொட்டகை. மறுநாள் பத்துமலை முருகன் கோயிலுக்குச் சனங்களை ஏற்றிப் போக வேண்டிய பன்னிரண்டு பெட்டிகள் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. அவற்றின் சக்கரங்களைத் தட்டிப் பார்த்து, ஓடலாம் என்றால் வட்டமும் கூடாதென்றால் பெருக்கல் குறியும் போட வேண்டியவன் நான். நீண்ட கைப்பிடி வைத்த சுத்தியல், குறி போட ஒரு சுண்ணக்கட்டி, சட்டையில் என் எண் பொறித்த பித்தளை வில்லை. நல்ல சக்கரத்தைத் தட்டினால் மணிபோல ஒலிக்கும். விரிசல் விட்டது ஈரமண்ணைத் தட்டியதுபோல மந்தமாகச் சொல்லும். இந்த வேலைக்கு வேண்டியது நல்ல காது. அது என்னிடம் இல்லை.

என்னிடம் இருந்தது ஒரு கால். இடது கால்.

காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் மரங்களுக்கு நடுவே பந்து உதைத்துத் திரிந்தவனை, கிள்ளானில் நடந்த ஒரு பந்தயத்தில் ரயில் இலாகா துரை ஒருவர் பார்த்தார். பதினைந்தே நாளில் நான் கோலாலம்பூர் ரயில் பட்டறையில் பிட்டர். காகிதத்தில் மட்டும். காலையில் வந்து பெயர்ப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவேன். ஒன்பது மணிக்குப் பாடாங் திடலில் புல்லை மிதித்துக்கொண்டிருப்பேன். பந்தாடத்தான் சம்பளம். வெயில், விசில், தோல் பந்தின் வாசனை, சனங்களின் சத்தம். இவ்வளவுதான் உலகம் என்று ஓடினேன்.

என்னோடு சேர்த்து ஒன்பது பேர் ஒரு கூட்டம். ஒன்பது பேருக்கு ஒதுக்கிய வேலையை எட்டுப் பேர் செய்தார்கள். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். பந்தாடுகிறவன் பங்கைக் கூட்டம் சுமக்கும். முணுமுணுப்பு கிடையாது, பெருமைதான். “நீ கோலுக்குள்ள போடு லா. போல்ட்டு முடுக்க நாங்க இருக்கோம்” என்பார்கள். இடது ஓரத்தில் நான் ஆடிய இடத்தை வைத்து ‘லெப்டவுட்டு’ என்றே கூப்பிடுவார்கள். ஜெயித்த மறுநாள் பட்டறையில், “நாங்க மூணு போட்டோம்” என்று பேசிக்கொள்வார்கள். என் பங்கு எவ்வளவு கனம் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

ஏழாம் வருஷம், கிள்ளானில், மழையில் ஊறிய திடலில் என் உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. அதோடு ஆட்டம் முடிந்தது.

இலாகா என்னைக் கைவிடவில்லை. காகிதத்தைப் பார்த்தார்கள். ஏழு வருஷ அனுபவமுள்ள பிட்டர் என்று இருந்தது. சக்கரம் தட்டும் வேலைக்கு உயர்த்தினார்கள். “வேலை தெரியும்தானே?” என்று மேஸ்திரியான மண்டோர் கேட்டார். தெரியும் என்றேன். அந்த ஒரு சொல்லிலிருந்து எல்லாம் ஆரம்பம்.

எனக்கு உதவியாக விளக்கும் எண்ணெய்க் குடுவையும் தூக்க, பழைய கூட்டத்திலிருந்தே ஒருவனைக் கொடுத்தார்கள். ரவாங்கிலிருந்து வந்தவன், என் வயதுதான். பெட்டிக்கு அடியில் குனியும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வான். அத்தனை வருஷம் வேலை செய்தும் நாள்கூலிதான். நிரந்தரமானால் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரயில் வீடு கிடைக்கும். மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். அதற்கான காகிதம் அந்த மாதம்தான் கொட்டகைத் துரையின் மேசைக்குப் போயிருந்தது.

இரண்டு வருஷம் தட்டினேன். சுத்தியலை அழகாக வீசுவேன், பார்க்கிறவர்கள் நம்புவார்கள். எனக்கு எல்லாச் சக்கரங்களும் ஒன்றுபோலவே ஒலித்தன. வட்டம் போட்டு, கீழே என் எண்ணை எழுதிக்கொண்டே போவேன். எப்போதாவது ஒரு பெட்டி, என் எண்ணோடு பெருக்கல் குறி வாங்கி ஒதுக்குப் பாதையில் நிற்கும். நான் போட்டதாக நினைவிருக்காது. போட்டிருப்பேன் என்று விட்டுவிடுவேன். உண்மையைச் சொன்னால், கேட்கப் பயந்தேன்.

அன்றும் பன்னிரண்டு பெட்டிகளையும் தட்டி வட்டம் போட்டேன். தட்டி முடித்தால் உதவியாள் குடுவை நிரப்பப் போக வேண்டும் என்பது விதி. அவனிடம், “நீ எண்ணெய்க் கொட்டகைக்குப் போ” என்று சொல்லிவிட்டு வாசலில் இருந்த காப்பிக் கடைக்குப் போனேன். அங்கே என் பழைய கோல்களைக் கேட்க எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். மூலையிலிருந்து வளைத்துப் போட்ட கோல் ஒன்றை மேசை மேல் சீனி டப்பாவை வைத்து விளக்கிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆள் வந்து கூப்பிட்டான்.

திரும்பிப் போனால் ஏழாவது பெட்டியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். துரை குனிந்து பார்க்கிறார். சக்கரத்தில் நான் போட்ட வட்டம் கையால் துடைக்கப்பட்டு, அதன்மேல் பெரிய பெருக்கல் குறி. கீழே என் எண். என் கையெழுத்து மாதிரியே, ஆனால் நான் எழுதாதது. சக்கரத்தின் உள்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு முடிபோல விரிசல்.

துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் நின்ற, கணக்கெழுதும் கிராணி அதைத் தமிழில் சொன்னார்: “கால் போனாலும் காது இருக்குன்னு சொல்றாரு. நாளைக்கு இதுல நூறு பேர் ஏறியிருப்பாங்களாம்.”

அவன் இரண்டடி தள்ளி நின்றான். கையெல்லாம் சுண்ணக்கட்டித் தூள். துரை அவனைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

“இந்த நேரத்துல இந்த ஆள் எண்ணெய்க் கொட்டகையில இல்லாம இங்க என்ன செய்றான்னு கேக்குறாரு” என்றார் கிராணி. கேட்டது என்னிடம்.

அவன் என்னைப் பார்த்தான். கெஞ்சவில்லை. பந்து என் காலுக்கு வரும்போது கூட்டம் பார்க்குமே, அப்படிப் பார்த்தான். இவன்தான் கண்டுபிடித்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால், நான் வட்டம் போட்டது வெளியே வரும். இரண்டு வருஷம் வெளியே வரும். ஏழு வருஷமும் வரும்.

“நான் கொட்டகைக்குத்தான் போகச் சொன்னேன். ஏன் வந்தான்னு தெரியல” என்றேன்.

சொன்ன இடத்தை விட்டு வந்த குற்றம். சாயங்காலத்துக்குள் அவன் பெயரைக் கொட்டகையிலிருந்து எடுத்து, ரவாங்குக்கு அப்பால் தண்டவாளத்துக்குக் கல் கொட்டும் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். நிரந்தரக் காகிதம் மேசையிலிருந்து அப்படியே திரும்பியது.

அவன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே” என்றேன். கேட்கக் கூச்சமில்லை எனக்கு.

“சொன்னா என்ன செய்வ? மறுபடி தட்டுவ. மறுபடியும் உனக்குக் கேக்காது.”

“ரெண்டு வருஷமா என் பின்னாலயே தட்டிக்கிட்டு வந்தியா?”

“ஏழு வருஷம் உன் பங்கைச் செஞ்சோம்ல. கை பழகிப்போச்சு.” தூக்கின் மூடியை அழுத்தினான். “நீ போட்ட கோலை எல்லாம் நாங்க போட்டோம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம், லெப்டவுட்டு. அதுக்குப் பதில்னு நெனச்சுக்கிறேன். கணக்குச் சரி.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னான்.

மறுநாள் பூசம். சேதி அதற்குள் பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் பரவியிருந்தது. ரயில் ஏறும் இடத்தில், கைக்குழந்தையோடு பால்குடம் எடுக்கப் போன ஒரு அம்மா என்னை நிறுத்தினார். “நீங்கதானே அந்தச் சக்கரத்தைக் கண்டுபிடிச்சவரு? முருகன்தான் உங்க காதுக்குள்ள சொல்லியிருக்கணும்” என்று என் கையை எடுத்து ஈரக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுக்கவில்லை. அந்தக் கண்ணீரின் சூடு இன்னும் என் புறங்கையில் இருக்கிறது. திருட்டுச் சாமான் சுடுகிற சூடு அது.

துரையிடம் சொல்லிவிட மூன்று முறை மாடிப்படி வரை போனேன். ஒவ்வொரு முறையும் முழங்கால் வலியைச் சாக்கு வைத்துத் திரும்பினேன். ஐந்தாம் மாதம் துணிந்து ஏறியபோது அவர் சீமைக்குக் கப்பலேறிவிட்டிருந்தார். புதிதாக வந்தவரிடம் கிராணியை வைத்துக்கொண்டு முழுவதும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், பிறகு கோப்பைப் பிரித்தார். விரிசலைக் கண்டுபிடித்தவர் என்று என் எண்தான் இருந்தது. “அடக்கமான ஆள்னு சொல்றாரு” என்றார் கிராணி.

சக்கர வேலையை நானே விட்டுவிட்டேன். இப்போது ஒரு லெவல் கிராசிங்கில் கேட் மூடித் திறக்கிறேன். ரவாங் பக்கம் இரண்டு முறை தேடிப் போனேன். முதல் முறை அவன் கூட்டம் வேறு இடத்துக்குப் போயிருந்தது. இரண்டாம் முறை தூரத்தில், வெயிலில், கூடையோடு குனிந்து நிமிரும் பத்துப் பேரில் அவனை அடையாளம் கண்டேன். நெற்றியில் சிலுவை போட்டான். நான் கிட்டே போகவில்லை. மன்னிப்பு கேட்டால் அவன் மறுபடி சிரித்துவிடுவான் என்ற பயம்.

எத்தனையோ ஆட்டங்களில் கோல் போட்டிருக்கிறேன், எதுவும் இப்போது சரியாக நினைவில்லை. கிராணி கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்த அந்த இரண்டு நொடி மட்டும் தினமும் வருகிறது, தினமும் நான் அதே பதிலைத்தான் சொல்கிறேன்.