மீன் பெட்டிக்குள் உறைந்த ஊசிமருந்து

1. அண்ணாவுக்கு இரத்தப் புற்றுநோய். இரத்தம் உண்டாக்கும் என் குருத்துக்கலங்கள் அவருக்குப் பொருந்தின.
2. அவை எலும்பு மச்சையிலிருந்து இரத்தத்துக்குப் பெருமளவில் வருவதற்காக, சேகரிப்புக்கு முன் நான் ஐந்து நாட்கள் ஹோர்மோன் ஊசி போட வேண்டியிருந்தது.
3. கொழும்பில் தந்த மருந்தை முல்லைத்தீவில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன்.
4. இரண்டாம் நாள் மின்சாரம் நின்றது.

அப்பா கடற்றொழிலாளி. மீதி மருந்தை மீன் பெட்டியில் நொறுக்கிய ஐஸுக்குள் புதைத்தார். “பாரை மீனே ரெண்டு நாள் பழுதாகாமல் கிடக்கும் பிள்ளை, இது கிடக்காதோ?” என்றார். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நானும் தலையாட்டினேன்.

மறுநாள் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் தாதி மருந்தைத் தூக்கிப் பார்த்தார். “தங்கச்சி, இது உறைஞ்சு போச்சு. போடேலாது.”

ஒரு ஊசி தவறினால் அண்ணாவுக்குக் கலங்கள் போதாமல் போகலாம். தாதி கொழும்புக்கு அழைத்துக் கேட்டு, வவுனியாவிலிருந்து புது மருந்து எடுப்பித்தார். அன்று பின்னேரமே ஊசி போட்டாயிற்று.

அப்பா அன்று சாப்பிடவில்லை. விஷயம் அறிந்த அண்ணா கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் சிரித்தார். “ஊசிமருந்து மீனில்லை எண்டு அப்பாட்டைச் சொல்லு.”

சேகரிப்பில் போதுமான கலங்கள் கிடைத்தன. இப்போது நான் எந்த மருந்தையும் ஐஸில் நேரடியாக வைப்பதில்லை. இடையில் துணி சுற்றுகிறேன், வெப்பமானி வைக்கிறேன். மின்சாரம் நின்றால் முதலில் தாதியைக் கேட்கிறேன்.

கலங்கள் ஏற்றி மூன்று வாரமாகிறது. என் கலங்கள் பிடித்துக்கொண்டதன் அடையாளமாக அண்ணாவின் வெள்ளையணுக்கள் கூடத் தொடங்கிவிட்டன. அவர் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்.