அரை அங்குலம் குறைந்த கழுத்து

தையல் கடையில் எல்லோருக்கும் வேர்த்துக்கொட்டும்போது அவளுக்கு மட்டும் குளிரும். அதனால் பெயரே ஸ்வெட்டர் அக்கா. ஃபேன் சுவிட்சோடு தினமும் சண்டை. பெரும்பாலும் சுவிட்சுதான் ஜெயிக்கும். வருகிறவர்களை அளவெடுப்பது அவள் வேலை. அவள் எழுதித் தரும் அளவுக்கு இரும்பு ஸ்கேல் வைத்துத் துணி வெட்டுவது கட்டிங் மாஸ்டர் வேலை.

தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை, கழுத்தில் வீக்கம், ஆயுசுக்கும் மாத்திரை என்றார் டாக்டர். ஆயுசுக்கும் என்ற சொல் அவள் தொண்டையிலேயே நின்றுவிட்டது. மாமியார் யாரிடமோ விசாரித்து அமுக்கராக் கிழங்கு வாங்கி, இடித்து, சலித்து, காலையில் பாலில் கலக்கி நீட்டினார். மருமகள் குடித்து முடிக்கும்வரை தன் டீயைத் தொடமாட்டார். இவ்வளவு அன்புக்கு முன்னால் மாத்திரை எம்மாத்திரம்? அட்டை அலமாரிக்குள் போனது. யாருக்கும் தெரியாது, மாமியாருக்கும்.

பயம் மட்டும் போகவில்லை. கடை திறந்ததும் தன் டேப்போடு ட்ரயல் ரூமுக்குள் நுழைந்து கழுத்தை அளப்பாள். மதியம் ஒருமுறை, பூட்டும் முன் ஒருமுறை. முதலில் பதினாலரை. ஒன்றரை மாதத்தில் கால் அங்குலம் குறைந்தது. மூன்றாம் மாதம் சரியாகப் பதினாலு! ஆனால் முடி கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது, குரல் கரகரத்தது, படியேறினால் கால் கல்லாய்க் கனத்தது. கழுத்து குறைகிறதே, அப்புறம் என்ன என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை, லாரி டிரைவர் ஒருவர் சட்டையோடு வந்தார்.

"என்னக்கா, சட்டை தைக்கச் சொன்னா தூக்குக் கயிறு தைச்சிருக்கீங்க?"

அந்த வாரம் இறுக்கிப் பிடித்த மூன்றாவது காலர். மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் டேப்பைப் பிடுங்கினார். யாரும் சுட்டுக்கொண்டு போகாமலிருக்க அதன் நுனியில் பழைய கத்தரிக்கோலைக் கட்டி ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள், மாதக்கணக்காக. அவிழ்த்து ஸ்கேல் மேல் விரித்தார். ஸ்கேல் முப்பத்தாறில் முடிந்த இடத்தில் டேப் முப்பத்தைந்தைக்கூடத் தொடவில்லை.

"கத்தரிக்கோல் கனத்துல டேப் நீண்டுபோச்சுக்கா! இதுல அளந்தா யானைகூட ஒல்லியாத்தான் இருக்கும்."

கடையே சிரித்தது. அவள் புது டேப்போடு ட்ரயல் ரூமுக்குள் போனாள். பதினாலே முக்கால். மூச்சை அடக்கி மறுபடி பார்த்தாள். அதே பதினாலே முக்கால். குறையவில்லை, கால் அங்குலம் கூடியிருந்தது.

வெளியே மாஸ்டர், "மூணு காலர்தானேக்கா, பிரிச்சுத் தைச்சுக்கலாம். இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்றார்.

வீட்டில் மாமியார் பொடியைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, மாத்திரைய நிறுத்தி மூணு மாசமாச்சு."

சல்லடை நின்றது. "நான் நிறுத்தச் சொன்னேனாடி?"

"இல்ல. பொடியிலயே சரியாயிடுச்சுன்னு சொன்னா சந்தோஷப்படுவீங்கன்னு..."

"ஆமா, எனக்கு மெடல் குத்தப் போறாங்க! பைத்தியக்காரி." திட்டிக்கொண்டே பொடியை டப்பாவில் அள்ளி மூடினார்.

மறுநாள் காலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், பொடி டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாமியாரும் வரிசையில் நின்றார். "இங்கிருந்து நேரா டாக்டர்கிட்ட. என்ன குடுத்தேன்னு நானே காட்டுறேன். திட்டினா என்னைத் திட்டட்டும், உனக்குத் தெம்பில்ல."

ஊசி குத்திய பெண், ரிசல்ட் நாளைச் சாயங்காலம் என்றாள்.

"அதுவரைக்கும் என்ன பண்றது, அத்தை?" என்றாள் மருமகள், பஞ்சை அழுத்தியபடி.

"பயப்படலாம்," என்றார் மாமியார். "இத்தனை நாள் தனியாப் பயந்தே. இன்னைக்கு ரெண்டு பேராப் பயப்படலாம், வா."