மார்வா வைத்த தூண்

ராய்ஸ் கெட்ரிக்கை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு "லைல் ஒரு பக்கமாகவே பேசுகிறான்" என்று யாரும் என்னிடம் வரக் கூடாது. எல்டர் ஏரியைச் சுற்றி ராய்ஸ் கட்டிய வீடுகள் நிறைய. குளிர்காலத்தில் அந்தக் கூரைகளில் ஏறிப் பனி தள்ளுவதுதான் என் பிழைப்பு. எந்தக் கூரை காலடியில் கல் மாதிரி நிற்கும், எது முனகும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு பாரம் தாங்கும் என்று மார்வா கணக்குப் போட்ட கூரை ஒன்றுகூட முனகி நான் கேட்டதில்லை.

மார்வா எங்கள் ஊர்க்காரி. அவள் அப்பா நெடுஞ்சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டினார். பாய்சி நகரத்துக்குப் போய்ப் படித்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஆனாள். அங்கேயே வேலை கிடைத்தும் உதறிவிட்டு வந்து, என் வீட்டுக்கு எதிரே குடியிருந்தாள். எந்நேரமும் சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டிருப்பாள். வார்த்தையையும் அப்படித்தான் துப்புவாள். கல்யாணம் ஒன்று நடந்து முறிந்துபோனது. கேட்டால், "அந்த ஆளுக்கு அஸ்திவாரமே கிடையாது" என்பாள்.

வீடு கட்டுகிறவர்கள் கோடையில் மனை பார்க்கக் கூப்பிட்டால் வர மாட்டாள். "பனி விழட்டும், வர்றேன். வெயில்ல எல்லா மனையும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்" என்பாள். ஜனவரியில் இடுப்பளவு பனியில் இறங்கி நின்று, காற்று எந்த மூலையில் கொண்டுவந்து கொட்டுகிறது என்று பார்ப்பாள். அதற்கப்புறம்தான் பென்சிலைத் தொடுவாள். அப்படிப்பட்டவளைத்தான் ராய்ஸ் ஒரு பொய்யால் கவிழ்த்தான்.

ஹாலிஸும் அவன் மனைவி ஜோலீனும் ஏரிக்கரையில் ஆசைஆசையாய் ஒரு வீடு கட்டினார்கள். கட்டியது ராய்ஸ், கணக்கு மார்வாவுடையது. இரண்டு மாடி உயரத்தில் ஒரு கூரை, அதை ஒட்டினாற்போல் முன்னறைக்குத் தாழ்வாக இன்னொன்று. மேல்கூரைக்குச் சொரசொரப்பான தார் ஓடு என்று மார்வா சொல்லியிருந்தாள். ஓட்டில் பனி பிடித்துக்கொண்டு நிற்கும், மெதுவாகக் கரையும். ராய்ஸ் கடைசி நேரத்தில் ஓட்டை விட்டுவிட்டு வழவழப்பான தகரத்தைப் போட்டான். பளபளவென்று இருக்குமாம். எங்கள் மலையில் தகரம் தப்பில்லை. ஆனால் தகரத்திலிருந்து பனி வழுக்கும். எங்கே போய் விழும் என்று பார்த்துவிட்டுத்தான் கீழே இருப்பதைக் கட்ட வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் வெயில் கொஞ்சம் ஏறியது. மேல்கூரைப் பனி மொத்தமும் ஒரே பாளமாக வழுக்கித் தாழ்ந்த கூரைமேல் விழுந்தது. ஏற்கெனவே தன் பங்குப் பனியைச் சுமந்துகொண்டிருந்த கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. முன்னறையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த ஜோலீன் அதற்கடியில் கிடந்தாள். தோண்டி எடுத்தவர்களில் நானும் ஒருவன். அவளுடைய வலது தோள் நொறுங்கிப் போயிருந்தது. அந்தக் கை அதற்கப்புறம் மேலே எழும்பவே இல்லை.

ஊர் கூடி "ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டபோது, ராய்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "தகரம் போடப் போறேன்னு மார்வாகிட்ட போன்ல கேட்டேனே. 'தாராளமா போட்டுக்கோ, தாங்கும்'னு அவதான் சொன்னா. நான் என்ன இன்ஜினியரா?"

அடப்பாவி! அப்படி ஒரு போனே வரவில்லை. ஆனால் வராத போனுக்குச் சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது? அவன் ஊரில் எல்லோர் முதுகையும் தட்டிக்கொடுக்கிறவன். இடிந்த முன்னறையைச் சும்மாவே கட்டிக்கொடுத்து, ஹாலிஸிடம் நல்ல பேரும் வாங்கிக்கொண்டான். இவளோ வாய்த்துடுக்குக்காரி. ஊர் அவனை நம்பிவிட்டது.

மார்வா பூங்கொத்து வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். நான்தான் வண்டி ஓட்டினேன். ஹாலிஸ் அறை வாசலிலேயே மறித்தான். "உள்ள வராதே மார்வா. என் கைக்கு நான் பொறுப்பில்லை, சொல்லிட்டேன்" என்றான். திறந்த கதவு வழியாக ஜோலீன் எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் மார்வா மடியில் அந்தப் பூக்களை வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு வீடு கட்டும் கணக்கு எதுவும் அவளிடம் வரவில்லை. வந்ததெல்லாம் விறகுக் கொட்டகை, கார் ஷெட், படகு நிறுத்தும் கொட்டாய். நான் பொறுக்க முடியாமல், "பாய்சிக்கே போயிடேன். இந்த ஊர் நாசமாப் போகட்டும்" என்றேன்.

"எதுக்குப் போகணும்? போனா அவன் சொன்னது நிஜம்னு ஆயிடும்" என்றாள் மார்வா. "இங்கதான் இருப்பேன், லைல். அந்தப் பொய் அவன் வீட்டுக்குள்ளயே உடையணும். ஜோலீன் காதால கேக்கணும். அதுவரைக்கும் எனக்குச் சாவு வராது."

அவள் கண்ணைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ராய்ஸ் எந்தக் கூரையிலாவது சறுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் போதும் என்று ஞாயிறுதோறும் தேவாலயத்தில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தேன்.

வருஷங்கள் போயின. ராய்ஸ் வெளியூரிலிருந்து நாடின் என்ற ஒருத்தியை இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டான். நல்ல பெண், கள்ளம் கபடம் தெரியாதவள். அவளுக்காக ஏரி முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு வீடு எழுப்பினான். கணக்குப் போட யாரோ சமவெளி இன்ஜினியர். பனியை ஐஸ்பெட்டிக்குள் மட்டும் பார்த்தவன் போலிருக்கிறது. மரச்சட்டமெல்லாம் நிறுத்தி, மேல்கூரையும் மூடியாகிவிட்டது. கட்டட இன்ஸ்பெக்டர் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாசலில் சிவப்பு அட்டையை ஒட்டிவிட்டுப் போனார். எங்கள் பனியைத் தெரிந்த இன்ஜினியர் கையெழுத்துப் போடாமல் ஒரு ஆணி அடிக்கக் கூடாது என்று உத்தரவு. அக்டோபர் முடியப் போகிறது. மலையுச்சி ஏற்கெனவே வெள்ளை. பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரே இன்ஜினியர் மார்வா.

அவன் வந்தபோது நான் அவள் வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். கையில் கோடரி இருந்தது. நல்லவேளை, கொஞ்சம் தள்ளி நின்றான்.

"எப்படி இருக்கே, கண்ணு?" என்றான் ராய்ஸ்.

"கண்ணு காதுன்னா கதவைச் சாத்திடுவேன். விஷயத்தைச் சொல்லு" என்றாள் மார்வா.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதே. நம்ம ஊர்க்காரங்க ஒருத்தருக்கொருத்தர் உதவலைன்னா எப்படி?"

"மார்வா, செருப்பால அடிச்சுத் துரத்து இவனை" என்றேன் நான்.

"நீ சும்மா இருயா" என்றாள் என்னிடம். அவனிடம், "காலைல வர்றேன். உன் பொண்டாட்டி வீட்ல இருக்கட்டும்" என்றாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தில் கோடரி கட்டைக்குள் பாதி இறங்கியது.

மறுநாள் நானும் கூடப் போனேன். மார்வா வண்டியிலிருந்து ஒரு காலை ஊன்றினாள், மறு காலை இறக்குவதற்கு முன்பே மேலே பார்த்தாள். நாடின் நீட்டிய காபியைக்கூட வாங்கவில்லை.

"மேல என்ன, தகரமா?"

"ஆமா! பச்சைக் கலர் நான்தான் எடுத்தேன். நல்லா இருக்குல்ல?" என்றாள் நாடின்.

"கலர் நல்லாத்தான் இருக்கு. ஆனா மேல விழற பனியெல்லாம் வழுக்கி, தாழ்வா இருக்கிற உங்க கூடத்துக் கூரைமேல வந்து விழும். அந்தக் கூரை தாங்காது. தகரத்தைக் கழட்டிட்டு ஓடு போடுங்க. இல்லைன்னா கூடத்துல தூண் வைக்கணும்."

தகரத்தைக் கழற்றுவது என்றால் நாடின் அழுதேவிடுவாள் போலிருந்தது. "சரி, தூண்னா எங்க வரும்?" என்றான் ராய்ஸ். மார்வா கூடத்துக்குள் நடந்தாள். சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, அதற்கு அப்பால் ஏரி. கண்ணாடிக்கு முன்னால் நட்டநடுவில் நின்று பூட்ஸ் குதிகாலால் தரைப் பலகையில் ஒரு கோடு கிழித்தாள். "இங்க."

ராய்ஸின் முகம் சிவந்துவிட்டது. "ஏரியே மறைஞ்சிடுமே! ஏன், ஒரு இரும்பு உத்திரம் போட்டா தூணே வேண்டாமே!"

"போடலாம். வந்து சேர்றதுக்குள்ள பனி வந்துட்டா நீயே கையில தாங்கிப் பிடிச்சுக்க. என் முத்திரை வேணும்னா தூண். வேண்டாம்னா வேற ஆளைப் பாரு."

அவன் வானத்தைப் பார்த்தான். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டினான்.

திரும்பி வரும்போது கேட்டேன்: "ஏன் மார்வா, பாய்சில என் மச்சான் கிட்டங்கில அந்த அளவு உத்திரம் சும்மா கிடக்குதே. சொன்னா இந்த வாரமே வந்திருக்குமே."

"எனக்குத் தெரியாதா? உத்திரம் சீலிங்குக்குள்ள ஒளிஞ்சுக்கும்யா. எவன் கண்ணுலயும் படாது. தூண் அப்படியா? வர்றவன் போறவனெல்லாம் கேப்பான். ராய்ஸ் பதில் சொல்லியாகணும்."

"இது நியாயமா?"

"தூண் கணக்குப்படி சரியானதுதான். கொஞ்சம் வன்மமும் சேர்த்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல வருஷம் கழித்துக் கேட்ட சிரிப்பு. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

எங்கள் ஊரில் புது வீட்டுக்குப் போனால் எல்லோரையும் கூப்பிட வேண்டும். ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக் கொண்டுபோவோம். அறை அறையாகத் திறந்து காட்டச் சொல்வோம், ஒன்று விடாமல் குறை சொல்வோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ராய்ஸ் வீட்டு விருந்து. மார்வாவைக் கூப்பிட்டவள் நாடின். மார்வா சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்குத் தட்டை ஏந்திக்கொண்டு போனாள்.

கூடத்தில் நின்றது தூண். ஃபர் என்ற ஊசியிலை மரத்தின் அடித்தண்டு. நான் கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது. உள்ளே வந்தவர்கள் எல்லோரும் ஏரியைப் பார்க்க இப்படியும் அப்படியும் கழுத்தை நீட்டினார்கள்.

"ஏம்ப்பா ராய்ஸ், ஏரியைப் பாக்கக் கூப்பிட்டியா, கட்டையைப் பாக்கக் கூப்பிட்டியா?" என்றார் தபால் நிலையத்துக்காரர்.

"அழகுக்குங்க! பழைய மலை விடுதியில எல்லாம் இப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தபடி பீரை ஊற்றினான் ராய்ஸ். அடுத்தவர் கேட்டார், அதே பதில். அதற்கடுத்தவருக்கும் அதேதான். வழுக்கிக்கொண்டே போனான். மார்வாவின் சிரிப்பு மங்கிக்கொண்டே வந்தது. அவ்வளவும் வீண் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஹாலிஸும் ஜோலீனும் வந்தார்கள். ஜோலீன் மார்வாவைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போய் உட்கார்ந்தாள். நாடின் அவள் இடது கையில் தட்டைக் கொடுத்தாள்.

"தூண் அழகுக்குன்னு சொல்றாரே உன் புருஷன். எனக்கென்னவோ அசிங்கமா இருக்கு" என்றாள் ஜோலீன்.

"ஐயோ, அழகாவது ஒண்ணாவது! அவர் சும்மா விளையாடறார்" என்றாள் நாடின். "மேல தகரம் இல்லையா? பனி வழுக்கி இந்தக் கூரைமேல விழுமாம், தாங்காதாம். மார்வா வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை, தகரத்தைப் பார்த்ததும் அதைத்தான் சொன்னாங்க. கழட்டுங்க, இல்லைன்னா தூண் வைங்கன்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. இவர் எவ்வளவோ கெஞ்சியும் விடலை."

ஜோலீன் தட்டைக் கீழே வைத்தாள். தூணை அடியிலிருந்து மேல்வரை பார்த்தாள். அப்புறம் ராய்ஸைப் பார்த்தாள்.

"தகரத்தைப் பார்த்த மாத்திரத்துல இவ்வளவு பெரிய கட்டையை நடுவுல நட்டவ, என் வீட்டுக்கு மட்டும் 'தாராளமா போட்டுக்கோ'ன்னாளா?"

ஹாலிஸ் கையிலிருந்த கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தான்.

"அது வந்து... அது வேற வீடு, ஜோலீன். கூரையும் வேற மாதிரி..." என்றான் ராய்ஸ்.

"போன் பண்ணியா, இல்லையா?" என்றாள் ஜோலீன். வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "என்னைப் பார்த்துச் சொல்லு ராய்ஸ். நீ அவளுக்குப் போன் பண்ணியா?"

ராய்ஸ் நாடினைப் பார்த்தான். அவள் புரியாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தான். நான் அவனுக்கு எதற்கு வழி காட்டப் போகிறேன்? கடைசியில் தூண் பக்கம் நின்றுகொண்டிருந்தவளிடம் திரும்பினான். குரல் கெஞ்சியது. "மார்வா, நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்."

மார்வா வாயிலிருந்த உருளைக்கிழங்கை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"நான் என்னத்தைச் சொல்ல? அதான் அன்னைக்கே போன்ல சொல்லிட்டேனாமே."