பச்சைக் கரைப் பீங்கான்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து பலகாரம் வந்தால், அது வந்த பீங்கான் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டோம். வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது, இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் அனுப்புவோம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து இருக்கிற துறைமுகப் பக்கத்தில், வேலிக்காகச் சண்டை பிடித்துக்கொண்ட வீடுகள்கூட இதில் பிசகுவதில்லை. வெறும் பீங்கான் திரும்பி வந்தால், இனி உன் வாசல் மிதியேன் என்று அர்த்தம். வந்த பலகாரத்தை அப்படியே திருப்பிக் கொடுப்பதற்கு எங்களிடம் ஒரு பெயர்கூட இல்லை, ஏனென்றால் யாரும் அப்படிச் செய்வதில்லை.

நான் ஒரு தடவை செய்தேன்.

அப்போது பொலிஸைக் கண்காணிக்கிற ஊர்க் குழுவில் இருந்தேன். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். வீதியோரம் பாமசி என்று ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம், அதனால் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் ஐந்து பேர். பொலிஸ் அநியாயம் செய்தது என்று யாராவது வந்து சொன்னால் கேட்டு, உண்மை என்று பட்டால் கொழும்பில் இருக்கிற மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். தொடக்கத்தில் எங்களை ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இருத்தி ஒழுக்க விதிகள் சொல்லித் தந்தார்கள். பொலிஸிடம் ஒன்றும் வாங்கக் கூடாது, தேத்தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. முறைப்பாடு சொன்னவரின் பெயர் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. எல்லோரும் தலையாட்டினோம். மத்தியானம் நல்ல இறால் கறியோடு சாப்பாடு தந்தார்கள்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு முந்திய கிழமை, குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். புருஷன் துறைமுக வாசலடியில் ஓட்டோ ஓடுகிறவர். காணாமற்போன படகு எஞ்சின் ஒன்றைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று பொலிஸ் கூட்டிப்போய், ஒரு இரவு வைத்திருந்து, வழக்கும் போடாமல் விட்டிருக்கிறார்கள். போகும்போது இரண்டு காதும் கேட்டது. வந்தபின் இடது காது கேட்கவில்லை. காதுக்கு மருந்து வாங்க வந்தவள், கடையில் ஆட்கள் போகும்வரை நின்று, மெதுவாக இதையெல்லாம் சொன்னாள்.

“முறைப்பாடு எழுதித் தாறன் அக்கா. ஆனா எங்கட பேர் வெளிய போனா இவங்களுக்கு அந்த ஸ்டாண்டில நிக்கேலாது. எங்களுக்குச் சோறு அந்த ஓட்டோதான்.”

“குழுவில அஞ்சு பேருக்குத்தான் தெரியும் தங்கச்சி. அங்கால போகாது” என்றேன்.

அவள் எழுதித் தந்த முறைப்பாட்டை அடுத்த கூட்டத்தில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, பெயரைச் சொன்னேன். விதிப்படி மற்ற நான்கு பேருக்கும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் தலைவர் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், யாருடனும் முகம் கோணாத மனுசன். வருஷம் முடியட்டும், ஆறுதலாக முடிவெடுப்போம் என்றார்.

வருஷத்தன்று காலை ஒரு சார்ஜன்ட் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் பச்சைக் கரை போட்ட பெரிய பீங்கான், மேலே லேஸ் துணி. துணிக்குக் கீழே பாற்சோறு, கொண்டைப் பணியாரம், கொக்கிஸ் என்று சிங்கள வருஷப் பலகாரம். பீங்கானின் விளிம்பில் சின்னதாக ஒரு உடைவு இருந்தது.

“எங்கட பொலிஸ் நிலையத்துப் பெரியவர் குடுக்கச் சொன்னவர் மிஸ். குழுவில எல்லாருக்கும் குடுக்கிறது” என்றார். தமிழ் நன்றாகவே பேசினார். நான் வாயெடுக்க முன்னமே அதைக் கதிரையில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தார். “மகள் எங்க? இண்டைக்கு டியூசன் இல்லைதானே. மற்ற நாளில கடற்கரை ஒழுங்கையால தனியத்தான் வாறது. அந்தப் பக்கம் வெளிச்சம் காணாது மிஸ். பயப்பட வேணாம், நாங்க பாத்துக்கொள்ளுறம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மகள் எந்த வழியால், எந்த ஒழுங்கையால் வருகிறாள் என்பது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

தலைவருக்கு ஃபோன் எடுத்தேன்.

“வருசத்துச் சாப்பாட்டைத் திருப்பினா மரியாதையில்லைப் பிள்ளை. நான் ரெண்டு துண்டு கேக் வைச்சு, பீங்கானை அப்பவே குடுத்தனுப்பிட்டன். மற்றவையும் அப்பிடித்தான்” என்றார்.

“தேத்தண்ணியும் குடிக்கக் கூடாதெண்டு சொன்னவையெல்லே ஐயா?”

“அது நிலையத்தில குடிக்கிறது. இது வீட்டுக்கு வந்தது.”

இப்படியொரு சட்ட விளக்கத்தைக் கொழும்புக்காரர்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். கோபத்தில் ஃபோனை வைத்துவிட்டு, துணியைக்கூட விலக்காமல் பீங்கானைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். நிலையத்தில் அதே சார்ஜன்ட் மேசையில் இருந்தார். முன்னால் வைத்தேன். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ, குழுவில இருக்கிற நான் இதை வாங்க ஏலாது” என்றேன்.

அவர் துணியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு பணியாரம்கூடக் குறையவில்லை. சுற்றி நின்ற பொலிஸ்காரரும் எட்டிப் பார்த்தார்கள்.

“பரவாயில்லை மிஸ்” என்றார். “வீணாப் போகாது. குடுக்க வேற வீடு இருக்கு.”

அது என்ன வீடு என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், நிமிர்ந்த நடையோடு வெளியே வந்தேன், பெரிய வீராங்கனை மாதிரி. அடுத்த நாளிலிருந்து கடைக்கு எதிரே ஒரு பொலிஸ் மோட்டார் சைக்கிள் நின்றது. அதில் வந்தவர் ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. நான் பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு மகளைக் கூட்டிவரப் போனால், ஒழுங்கை முனையிலும் அதுவே நின்றது. மகள் ஏனம்மா என் கையை இப்படிப் பிடிக்கிறீங்கள் என்று கேட்டாள்.

இதற்கிடையில், துறைமுக வாசலடியில் அந்த ஓட்டோவைக் காணவில்லை. மற்ற ஓட்டோக்காரரிடம் கேட்டேன். தெரியாது என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மனசு கேட்காமல் பஸ் ஏறி, பாலம் கடந்து, கிண்ணியாவில் இறங்கி, குறிஞ்சாக்கேணிக்குப் போனேன்.

ஓட்டோ முற்றத்தில் படங்கு போட்டு மூடிக் கிடந்தது. அவள் என்னைக் கண்டதும் முதலில் வீதியைப் பார்த்தாள், பிறகுதான் உள்ளே வரச் சொன்னாள். புருஷன் கட்டிலில் இருந்தார். மேசையில் பச்சைக் கரைப் பீங்கான். கழுவித் துடைத்து, லேஸ் துணியால் மூடி, கொண்டுபோக ஆயத்தமாக வைத்திருந்தாள். விளிம்பில் அதே உடைவு.

“பின்னேரம் எடுக்க வருவாங்க” என்றாள். “வெறுமையாக் குடுத்தனுப்பேலாதே அக்கா.”

துணியை விலக்கினேன். சீனியும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. முறைப்பாட்டை வாபஸ் வாங்குகிறேன் என்று தன் கையாலேயே எழுதியிருந்தாள்.

நான் திருப்பிய பீங்கான் எங்கே போகும் என்று யோசிக்காமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது நினைவுக்கு வந்தது. இவள் பெயரைப் பொலிஸுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? குழுக் கூட்டத்தில் மேசையைச் சுற்றி இருந்த நான்கு முகங்களையும் மனதில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான்கும் நல்ல முகங்கள்.

அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள். “நாங்க முறைப்பாடு குடுத்தது அவங்களுக்கு எப்பிடித் தெரியும் அக்கா? நான் உங்களிட்ட மட்டும்தான் சொன்னனான்.”

“நான் சொல்லயில்லைத் தங்கச்சி.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துணியை எடுத்துப் பீங்கானைத் திரும்ப மூடினாள். கட்டிலில் இருந்தவர் வலது காதை எங்கள் பக்கம் திருப்பி, “என்ன சொல்றாங்க?” என்று கேட்டார்.

“ஒண்டுமில்ல” என்றாள். “அக்கா போகப்போறாங்க.”