சம்பந்தியம்மாவுக்கு அரை ஸ்டார்

சோபாக்காரர் என்று சொன்னால்தான் அந்த ஊரில் அவரைத் தெரியும். கிழிந்த சோபா, அமுங்கிப்போன நாற்காலி, பல் டாக்டரின் சாய்வு இருக்கை, சினிமா தியேட்டரின் கடைசி வரிசை என்று மனிதர்கள் உட்காருகிற எதுவும் என்றைக்காவது ஒருநாள் அவர் கடைக்கு வந்து சேரும். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தெருவில் கடை. உள்ளே போனால் ஸ்பாஞ்சும் தோலும் பசையும் கலந்த வாசனை. சின்ன ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்வார். அப்படியே பேசவும் செய்வார், சிரிக்கவும் செய்வார். இத்தனை வருஷத்தில் ஓர் ஆணியைக்கூட விழுங்காதது எப்படி என்று அவர் மனைவிக்கு இன்றுவரை புரியவில்லை.

நல்ல மனிதர். கை சுத்தம், வாக்கு சுத்தம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார். அது பீர்.

பெரிய கம்பெனி பீர் அல்ல. சின்னச் சின்ன ஆலைகளில் கைப்பக்குவமாகக் காய்ச்சுகிற கிராஃப்ட் பீர். அதன் ரசிகர்களுக்கென்று ஒரு செயலி உண்டு. குடித்த பீருக்கு அரையிலிருந்து ஐந்து ஸ்டார் வரை போடலாம், கீழே நாலு வரி எழுதலாம். சோபாக்காரரின் தெருமுனையிலேயே ஒரு ஆலை இருந்தது. அங்கே காய்ச்சியது எதுவானாலும் அவர் கணக்கில் ஐந்து ஸ்டார். ஒருமுறை ஏதோ தவறிப்போய் ஒரு தொட்டி முழுக்கப் புளித்துவிட்டது. ஆலைக்காரரே வெட்கப்பட்டுக்கொண்டு அதைக் கொட்டப் போனார். சோபாக்காரர் ஓடிப்போய் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்துவிட்டு, "துணிச்சலான புளிப்பு" என்று எழுதி ஐந்து ஸ்டார் போட்டார்.

ரயிலில் போனால் ஒரு மணி நேரத் தூரத்தில் துறைமுக ஊர். இரண்டு ஊருக்கும் ஆதியிலிருந்தே ஆகாது. கால்பந்தில் ஆகாது, பள்ளிக்கூடப் போட்டிகளில் ஆகாது. பீர் வந்ததும் அதிலும் ஆகாமல் போனது. இந்த ஊர் பீரை அந்த ஊர்க்காரர்கள் பாத்திரம் கழுவிய தண்ணீர் என்று எழுதுவார்கள். அந்த ஊர் பீரை இந்த ஊர்க்காரர்கள் இருமல் மருந்து என்று எழுதுவார்கள். துறைமுக ஊரில் பேர்போன கறுப்பு பீர் ஒன்று இருந்தது. அதற்குச் சோபாக்காரர் அரை ஸ்டார் போட்டு எழுதியிருந்தார்: "பழைய சோபாவைப் பிழிந்தால் வரும் ருசி. சோபாக்காரன் சொல்கிறேன், நம்புங்கள்." ஊரே அதைப் படித்துச் சிரித்தது. கடைக்கு வந்தவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

அந்த பீரை அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை.

அவருக்கு ஒரே மகள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் இன்ஜினியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவள் தட்டை நகர்த்திவிட்டு, "அப்பா, நான் ஒருத்தர கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்" என்றாள். கூடவே வேலை செய்கிற பையன். ஏற்கெனவே அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது என்பது அம்மா நிதானமாகத் தண்ணீர் குடித்த விதத்திலேயே தெரிந்தது.

"நல்ல பையனாம்மா?"

"ரொம்ப நல்லவர்ப்பா."

"அது போதும். அவங்க வீட்டுல என்ன பண்றாங்க?"

"அப்பா இல்ல. அம்மா மட்டும்தான். அவங்க..." மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தார். "அவங்க பீர் காய்ச்சுறாங்க."

சோபாக்காரர் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். "பீரா! இத முதல்லயே சொல்லக் கூடாதா? எந்த ஊர்ல?"

மகள் சொன்னாள்.

அவர் மறுபடி உட்கார்ந்தார். "கறுப்பு பீரா?" என்று கேட்டார்.

"அதேதான்ப்பா" என்றாள் மகள். அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அடுத்த வாரமே மூன்று பேரும் துறைமுக ஊருக்கு ரயில் ஏறினார்கள். வழி முழுக்க அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே வந்தார். "நீங்க எழுதினது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க. ஆயிரம் பேர் எழுதுறாங்க" என்று மனைவி ஆறுதல் சொன்னார். மனைவி ஒரு கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசிக்குப் பயப்படுகிறவர்களைத் தேற்றித் தேற்றிப் பழகிய குரல் அது. அந்தக் குரலைக் கேட்டதும் சோபாக்காரருக்குப் பயம் இன்னும் கூடியது.

பழைய ஐஸ் ஃபேக்டரி ஒன்றை வாங்கி ஆலையாக்கியிருந்தார்கள். உயரமான கூரை, ஈரத் தரை, பளபளக்கிற தொட்டிகள், வறுத்த தானியத்தின் மணம். முன்பக்கத்தில் நீள மேஜைகள் போட்டு ஆட்கள் உட்கார்ந்து குடிக்க இடம். வாசலிலேயே பையனின் அம்மா ரப்பர் பூட்ஸோடு நின்றிருந்தார். தடித்த கண்ணாடி, மடித்துவிட்ட சட்டைக் கை. "வாங்க, வாங்க! வழி தெரிஞ்சுதா?" என்று இரண்டு கைகளாலும் வரவேற்று உள்ளே அழைத்துப்போனார். நேரே நடு மேஜையில் சோபாக்காரரை உட்கார வைத்தார்.

எதிர்ச் சுவரைப் பார்த்ததும் அவருக்குக் குப்பென்று வியர்த்தது. கதவு அகலத்துக்கு எழுதி மாட்டியிருந்தார்கள்: "பழைய சோபாவைப் பிழிந்தால் வரும் ருசி."

"அது... என்னங்க அது?" என்றார்.

"அதுவா? யாரோ ஒரு புண்ணியவான் எழுதினது. அத மாட்டின நாள்லேர்ந்து கூட்டம் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. அந்த ஆள் மட்டும் என் கையில கிடைச்சா..."

"கிடைச்சா?"

"உக்கார வெச்சு வயிறு நிறைய ஊத்திவிடுவேன்." சொல்லிவிட்டு அவர் முன்னால் ஒரு கிளாஸை வைத்தார். கறுப்பு பீர். மேலே விரல் கனத்துக்கு நுரை.

வேறு வழியில்லை. சோபாக்காரர் எடுத்துக் குடித்தார்.

முதலில் ஒரு கசப்பு, மிரட்டாத கசப்பு. பின்னாலேயே வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி ஒரு சூடு. அதற்கும் பின்னால் வெல்லப்பாகு லேசாகக் கருகியதுபோல ஓர் இனிப்பு நாக்கின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இவ்வளவு நாளும் ஒரு மணி நேரத் தூரத்தில் இது இருந்திருக்கிறது! நெஞ்சில் பாதி சந்தோஷம், பாதி ஆத்திரம். ஆத்திரம் தன்மேல்தான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

சொந்த ஊர் முழுக்கத் தன் பின்னால் வந்து நிற்பதுபோல இருந்தது அவருக்கு. "பரவாயில்ல" என்றார்.

கல்யாணப் பேச்சு நல்லபடியாக முடிந்தது. திரும்பும்போது ரயில் நகர்ந்ததும் மனைவி ஆரம்பித்தார். "பரவாயில்லாததுக்கு நாலு கிளாஸா?"

"மரியாதைக்கு குடிச்சேன்."

"கடைசி கிளாஸ அவங்க ஊத்தவே இல்ல. நீங்களா போய் பிடிச்சுட்டு வந்தீங்க."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

சில நாளில் சம்பந்தியம்மா கடைக்கே வந்துவிட்டார். ஆலையின் பெஞ்சுகளுக்கெல்லாம் மெத்தை தைக்க வேண்டுமாம், துணி பார்க்க வந்தாராம். சோபாக்காரர் ஒவ்வொரு துணியாக விரித்துக் காட்டினார். கை என்னவோ துணியில் இருந்தது, மனசு இல்லை. கடைசியில் உதட்டில் இருந்த ஆணிகளை எல்லாம் எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சம்பந்தியம்மா, உங்க சுவத்துல இருக்கறது நான் எழுதினது."

"தெரியும்" என்றார் அவர், துணியைத் தடவிப் பார்த்தபடி. "அதுலயே சோபாக்காரன் சொல்றேன்னு எழுதியிருக்கீங்களே. உங்க பொண்ணும் அப்பா சோபாக்காரர்னு சொன்னா. உங்க முகம் எப்படிப் போகுதுன்னு பாக்கத்தான் அந்த மேஜையில உக்கார வெச்சேன்."

"அது மட்டும் இல்ல. குடிக்காமலே எழுதிட்டேன்."

சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றினார். திட்டப்போகிறார் என்று இவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்க வெகு நேரம் ஆனது. "மழையில நனைஞ்ச பிஸ்கட்னு உங்க ஊர் கோதுமை பீருக்கு ஒருத்தர் எழுதியிருக்காங்களே, படிச்சிருக்கீங்களா?"

"படிக்காம என்ன! எங்க தெருவே கொதிச்சுப் போச்சு. யாரோ நாக்கு மரத்துப்போன ஆளு..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். "நீங்களா?"

"நானும் குடிக்கல."

அன்றைக்கே இரண்டு பேரும் தெருமுனைக்குப் போய், ஆளுக்கொரு கோதுமை பீர் வாங்கிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார்கள். அது நனைந்த பிஸ்கட் இல்லை என்று சம்பந்தியம்மா ஒப்புக்கொண்டார். கல்யாண விருந்துக்கு ஒரு யோசனையும் அங்கேதான் பிறந்தது.

விருந்தில் இரண்டு ஊர் பீரையும் பேர் சொல்லாமல் ஜாடிகளில் வைத்தார்கள். ஒன்றில் சிவப்பு ரிப்பன், இன்னொன்றில் நீல ரிப்பன். இரண்டும் ஒரே மாதிரி பொன்னிறம். எது பிடித்ததோ அதன் பக்கத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு பாட்டில் மூடியைப் போட வேண்டும். சோபாக்காரரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, சிவப்பு ஜாடியை ருசித்துவிட்டு மேஜையைத் தட்டினார். "மாமா, இது நம்ம ஊரு! கண்ண கட்டிவிட்டாலும் சொல்லிடுவேன்." அவர் சொன்னதைக் கேட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் சிவப்பில் மூடியைப் போட்டார்கள். துறைமுக ஊர் ஆட்களோ நீலம்தான் தங்களுடையது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போட்டார்கள்.

சம்பந்தியம்மா நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினார். "சிவப்பு எங்களுது. நீலம் அவங்களுது!"

எல்லோரும் இரண்டு ரிப்பன்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு மச்சான் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "முதல் வாய்க்கு நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப யோசிச்சா அடில ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தில் கையை விட்டுத் தன் மூடியைத் தேடினார். அதைப் பார்த்து மாப்பிள்ளையின் பெரியப்பா நீலப் பாத்திரத்தில் கையை விட்டார். அப்புறம் எல்லோரும் விட்டார்கள். எது யாருடைய மூடி என்று தெரியவில்லை. ஒரு பாத்திரம் கவிழ்ந்து மூடிகள் தரையெங்கும் உருண்டன. மணப்பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேஜைக்கடியில் தவழ்ந்து பொறுக்கினாள். யார் ஜெயித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்குள் இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவர் ஜாடியிலிருந்து ஒருவர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே சோபாக்காரர் பழைய அரை ஸ்டாரை அழித்துவிட்டுக் கறுப்பு பீருக்கு ஐந்து போட்டார். அத்தோடு நிற்காமல் அந்த ஆலையின் எல்லா பீருக்கும் ஐந்து போட்டார். பெருமையாகச் செல்போனை மனைவியிடம் நீட்டினார். "பாத்தியா? திருந்திட்டேன்."

மனைவி படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க எங்க திருந்தினீங்க? உங்க ஊரு எல்லை கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான். சம்பந்தி ஊரும் உள்ள வந்துடுச்சு."

மனைவி சொன்னதைச் சிரித்து ஒதுக்கிவிட்டார். ஆனால் சம்பந்தியம்மாவிடமிருந்தும் அதே பேச்சுதான் வந்தது. பெஞ்சு மெத்தைகளைப் பொருத்தப் போன அன்று, புதிதாகக் காய்ச்சிய ஒன்றை ஊற்றிக் கொடுத்தார். இவர் ஒரு மடக்கு குடித்ததுமே, "பிரமாதம்! அஞ்சு ஸ்டார்" என்றார்.

சம்பந்தியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க ஊர்க்காரங்க எல்லாம் கண்ண மூடிக்கிட்டு அஞ்சு. உங்க ஊர்க்காரங்க கண்ண மூடிக்கிட்டு அரை. இதுல நான் காய்ச்சறது நல்லா இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்க மெத்தையில ஸ்பிரிங் குத்துதுன்னா நான் சொல்லணுமா, வேண்டாமா?"

"சொல்லணும். சொல்லாதவங்கள கண்டாலே எனக்குப் பிடிக்காது."

"அப்ப நீங்களும் சொல்லுங்க."

சோபாக்காரர் மறுபடி குடித்தார். இந்தத் தடவை அவசரப்படாமல் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். "முதல் வாய் நல்லா இருக்கு. முழுங்கின பிறகுதான் ஒண்ணுமே இல்ல. வந்த விருந்தாளி சொல்லாம கொள்ளாம எழுந்து போன மாதிரி இருக்கு." சொன்னதும் பயந்துபோய் சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"அப்பாடா!" என்று அவர் மேஜையில் ஓங்கி அடித்தார். "எனக்கும் அதேதான் தோணுச்சு. கேக்கறவங்க எல்லாம் அருமை அருமைன்னு என்னைப் பைத்தியமாக்கிட்டாங்க. முளைகட்டின மால்ட்டு தானியத்த இன்னும் கொஞ்சம் கூட்டணும்." பூட்ஸைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

பொய் சொல்லாமல் ஒருவரைச் சந்தோஷப்படுத்த முடியும் என்பது சோபாக்காரருக்குப் பிடித்துப்போனது. ஊருக்குத் திரும்பியதும் அதே ருசியோடு தெருமுனை கோதுமை பீரைக் குடித்து, மூன்று ஸ்டார் போட்டு, பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூவின் வாசனை போதாது என்று எழுதினார். மறுநாள் காலை கடையைத் திறக்கும் முன்பே ஆலைக்காரர் வாசலில் நின்றார்.

"மூணா? நீயா மூணு போட்ட? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. வாசனை வரல, சொன்னேன்."

"சம்பந்தி மயக்கம்!" என்று கத்திவிட்டுப் போனார் ஆலைக்காரர். கொஞ்ச நாள் இந்தப் பக்கம் தலைவைத்துப் பார்க்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் துணி போட்டு மூடிய ஜாடியோடு வந்து, தைத்துக்கொண்டிருந்த சோபாமேலேயே உட்கார்ந்தார். "ம், இப்ப குடி" என்றார். சோபாக்காரர் குடித்தார். துணியை விலக்கும்போதே வாசனை வந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சத்தமே இல்லாமல் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஆலைக்காரரையும் ரயிலேற்றிச் சம்பந்தியம்மாவிடம் கூட்டிப்போனார். புது மெத்தை பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்து, இவர் பீரில் அவர் குறை சொல்வதும் அவர் பீரில் இவர் குறை சொல்வதுமாக ஒரே அமர்க்களம். சோபாக்காரரின் மனைவி வறுத்த கடலையைக் கொறித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மாப்பிள்ளை வெளியூர் வேலை முடிந்து மகளோடு உள்ளே வந்தார். கையில் ஒரு பாட்டில்.

"லிஃப்ட் பழுது பாக்கப் போன இடத்துல கொடுத்தாங்க" என்று சொல்லி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரின் பெயரைச் சொன்னார்.

"அந்த ஊரா!" என்றார்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில்.

"அவங்களுக்கு பீரப் பத்தி என்ன தெரியும்?" என்றார் ஆலைக்காரர்.

"பாட்டில பாத்தாலே தெரியுது, ஒரே இனிப்பா இருக்கும்" என்றார் சம்பந்தியம்மா.

"ஒரு ஸ்டாருக்கு மேல தேறாது" என்றார் சோபாக்காரர்.

அவர் மனைவி கடலைத் தட்டை ஒதுக்கி வைத்தார். எழுந்துபோய் நாலு கிளாஸ்களைக் கொண்டுவந்து வைத்து, பாட்டிலைத் திறந்து சமமாக ஊற்றினார். பீரே தொடாத அந்த அம்மாள் முதல் கிளாஸைத் தானே எடுத்து ஒரு வாய் குடித்தார். புருவத்தை உயர்த்தினார். இன்னொரு வாய் குடித்தார்.

"எப்படி இருக்கு?" என்று மூன்று பேரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"பேசாம குடிங்க" என்றார் அவர், கிளாஸைக் கீழே வைக்காமல்.